இரண்டாவது வீதி வழியாகச் செல்லவும்

ஜூன் 9, திங்கள்

வாய்க்கால் பாலத்தை இன்று காலை அடைத்துவிட்டார்கள். அகலப்படுத்துகிறார்களாம், மழைக்கு முன்னால் முடித்துவிடுவார்களாம். அவர்கள் சொன்னால் நான் நம்பவேண்டுமாம்.

பாலத்துக்கு முன்னால் மெயின் ரோட்டின் இடது பக்கம் எங்கள் இரண்டாவது வீதி பிரிகிறது. வலது பக்கம் மூன்றாவது வீதி. எந்த வழியில் போனாலும் சுற்றிக்கொண்டு அடுத்த பாலத்துக்குப் போய்விடலாம். போலீஸ்காரர்கள் சக்கரம் வைத்த இரும்புத் தடுப்பு ஒன்றை மூன்றாவது வீதியின் வாயில் நிறுத்தி, அதன்மேல் அம்புக்குறி போட்ட பலகையைக் கட்டியிருக்கிறார்கள்: ‘இரண்டாவது வீதி வழியாகச் செல்லவும்.’

ஏன் இரண்டாவது? மூன்றாவது வீதி எங்கள் வீதியைவிட அகலம். ஆனால் அங்கே கவுன்சிலரின் மச்சான் வீடு கட்டியிருக்கிறார். கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளனாக இருந்தவன் நான். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, அப்பட்டமாகத் தெரிகிறது.

டவுன் பஸ், பள்ளிக்கூட வேன், ஜல்லி லாரி எல்லாம் எங்கள் கேட்டை உரசிக்கொண்டு போகின்றன. வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியவில்லை. சாந்தாமணியிடம் சொன்னேன்.

“நாலு சனம் போனா வந்தா நல்லாத்தானுங்க இருக்குது” என்றாள்.

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் சத்தத்தை நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூன் 11, புதன்

ஜன்னல்களைச் சாத்தினேன். சாந்தா திறந்துவிட்டாள். மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்திருக்கிறது.

ஜூன் 14, சனி

வீதி நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானும் தலைவர் நாச்சிமுத்துவும் போக்குவரத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்து மனு கொடுத்தோம். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். வயதானவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டு என்னிடம், “உங்களுக்குப் பசங்க ஏதாச்சும் இருக்காங்களா சார்?” என்றார்.

“இல்லீங்க” என்றேன்.

நாச்சிமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

இருந்தாள். நாலு வருடத்துக்கு முன்னால், நாங்கள் பார்த்து வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு சாதிப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ குடியிருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு இந்த வீட்டில் கிடையாது. அதனால் இல்லை என்று சொன்னதில் தவறில்லை.

வரும் வாரம் தடுப்பை எங்கள் வீதிப் பக்கம் மாற்றிவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து சாந்தாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

“நெசமாலுமே மாத்தீருவாங்களா?”

“மாத்தாம என்ன? நான் குடுத்த மனு.”

தலை வலிக்கிறது என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 16, திங்கள்

மாற்றிவிட்டார்கள். தடுப்பு இப்போது எங்கள் வீதி வாயில். வண்டி எல்லாம் மூன்றாவது வீதியில். கவுன்சிலரின் மச்சான் அனுபவிக்கட்டும்.

எங்கள் வீதியில் அணில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நாச்சிமுத்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். சாந்தா காலையிலிருந்து பின்கட்டை விட்டு வெளியே வரவில்லை. குழம்பில் உப்பு இல்லை. கேட்டதற்கு, “எழவு ஊடு மாதிரி இருக்குது நம்ம வீதி” என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், ஜல்லி லாரி ஒன்று வாசலில் போகிறது! சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். தடுப்பு பழையபடி மூன்றாவது வீதி வாயில் நிற்கிறது. அம்புக்குறி எங்களைக் காட்டுகிறது.

காவலர் அப்போது வந்திருக்கவில்லை. காலை ஆபீஸ் நெரிசல் முடிகிற சமயத்தில் வந்தவர், “நேத்து இந்தப் பக்கந்தானுங்களே இருந்துச்சு?” என்று என்னையே கேட்டார். மறுபடி தள்ளி வைத்தோம்.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

மறுபடியும்.

மூன்றாவது வீதிக்காரர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாச்சிமுத்து வேறு ஆளைச் சொல்கிறார். வீதி முனையில், நாச்சிமுத்து வீட்டு முன்கட்டை வாடகைக்கு எடுத்து டீக்கடை போட்டிருக்கிறான் இசக்கிராஜ். தென்காசிப் பக்கத்து ஆள். கடை போட்டதும், பாலம் அடைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். வண்டிகள் எங்கள் வீதியில் வந்தால் அவனுக்கு நிற்க நேரமில்லை. வராவிட்டால் ஈ ஓட்டுகிறான். தடுப்பு நிற்கிற இடம் அவன் கடைக்கு நேர் எதிரே. விடியற்காலையில் கடை திறக்கிறவன் அவன் ஒருவன்தான்.

போய் நேராகவே கேட்டேன்.

“நான் எதுக்கு அண்ணாச்சி அதத் தொடுதேன்? போலீஸ் சாமான்லா?” என்றான்.

“அப்ப யாரு நகத்துறா? நீ பாக்கவே இல்லியா?”

பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலை இருப்பதுபோல் எழுந்து போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை மறைத்தவர்கள்தான்.

ஜூன் 21, சனி

இன்று தடுப்பு இடம் மாறவில்லை. சனி, ஞாயிறு ஆபீஸ் போக்குவரத்து இல்லை, அதனால் அவனுக்கு வியாபாரமும் கம்மி. கணக்கு சரியாக வருகிறது.

ஜூன் 23, திங்கள்

திங்கட்கிழமை, மறுபடி இடம் மாறியிருக்கிறது.

இன்னொன்று. காலையில் ஆபீஸ் நேரம் ஆனதும் சாந்தா கேட்டுக்குப் போய் நின்றுகொள்கிறாள். விடியலிலேயே போட்ட கோலத்தின் ஓரத்தில் இன்னொரு இழை இழுக்கிறாள். கூட்டின இடத்தையே கூட்டுகிறாள். இன்று தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலை கட்டியிருந்தாள். திங்கட்கிழமையில் என்ன விசேஷம் என்றேன். “பெட்டீல வெச்சு என்னத்தக் கண்டோம்” என்றாள்.

பிறகு முனைக்குப் போய் இசக்கிராஜிடம் ஏதோ பொட்டலம் வாங்கிவந்தாள். போண்டா. வாயுத் தொல்லை என்று உருளைக்கிழங்கையே தொடாதவள். அவனும் அவளும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஏதோ சொல்லி இவளை ஏமாற்றி வைத்திருக்கிறான்.

ஜூன் 25, புதன்

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த அறையைத் திறந்து ரொம்ப நாளாயிற்று. ஒட்டடை அடிக்கத்தான் போனேன்.

பச்சை ஸ்கூட்டி ஒன்று வந்தது. பெண். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். மற்ற வண்டிகள் எல்லாம் பறக்க, இது மட்டும் எங்கள் வீட்டுக்கு முன்னால் மெதுவானது. திருடர்கள் ஆள் அனுப்பி இப்படித்தான் வீட்டை நோட்டம் பார்ப்பார்களாம், பேப்பரில் வந்திருந்தது. வண்டியில் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கேயும் பார்த்ததில்லை.

சாந்தா கேட்டில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். வண்டி போன பிறகும் நின்றிருந்தாள்.

நாளைக் காலையில் இசக்கிராஜைக் கையும் களவுமாகப் பிடித்துவிடப் போகிறேன்.

ஜூன் 26, வியாழன்

பொழுது விடிகிற நேரத்தில் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போனேன். முனையில் பால் பூத் இன்னும் திறக்கவில்லை. அதன் பின்னால் நின்றுகொண்டேன். இசக்கிராஜ் கடையைத் திறந்து சாணம் தெளித்தான். சாமி படத்துக்குப் பூ வைத்தான். பாய்லர் பற்றவைத்தான். தடுப்பின் பக்கம் போகவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் வீதியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் கோலப்பொடிக் கிண்ணம்.

சாந்தாமணி.

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ரோட்டில் யாருமில்லை. இரண்டு கையாலும் தடுப்பைப் பிடித்துத் தள்ளினாள். ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, இடுப்பைக் கொடுத்து நெட்டினாள். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவள். அந்த இரும்பு கிரீச்சென்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றது. பலகை கோணலாகிவிட்டிருந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

இசக்கிராஜ் அந்நேரம் முழுவதும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். கழுவின டம்ளரையே கழுவினான்.

நான் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காபி கொடுத்தாள். “வாக்கிங் போனீங்களே, வேர்க்கவே இல்லீங்களா?” என்றாள். “காத்து நல்லா இருந்துச்சு” என்றேன்.

அவள் ஏன் இப்படிச் செய்யவேண்டும்? எனக்குப் புரியவில்லை.

ஆபீஸ் நேரத்தில் மாடிக்குப் போனேன். ஒட்டடை பாக்கி இருந்தது. பச்சை ஸ்கூட்டி வந்தது. வீட்டுக்கு நேராக வந்ததும் அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். சாந்தா கேட்டுக்குள்ளே, அவள் ரோட்டில். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். கை அசைக்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மெலிந்திருக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. தடுப்பு மூன்றாவது வீதி வாயில் இருந்தது. நான் போய் மாற்றி வைக்கவில்லை. காலில் சுளுக்கு.

ஜூன் 28, சனி

நாச்சிமுத்துவுக்கு அடி. நேற்றுச் சாயந்திரம் கேட்டைத் திறந்து வெளியே வந்தவரை, பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த ஆட்டோ ஒன்று தட்டிவிட்டது. மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தபடி கத்தினார். “அந்தத் தெக்கத்தியான் பொழப்புக்காக எங் கையே போச்சுங்க! நாளைக்கு மீட்டிங் போடுங்க. போலீஸ்ல எழுதிக் குடுக்கறோம். கடையையும் காலி பண்ணச் சொல்றேன்.”

“பார்த்து முடிவு பண்ணலாமுங்க” என்றேன்.

“என்னத்தப் பாக்கறது? அவன்மேல மொதல்ல சந்தேகப்பட்டதே நீங்கதானுங்களே?”

வீட்டில் சாந்தாவிடம் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“எலும்பு கூடீருமுங்களா?”

“கூடும்.”

“அந்தப் பையன என்ன பண்ணுவாங்க?”

“எழுதிக் குடுத்தா போலீஸ் கூட்டீட்டுப் போய் விசாரிக்கும்.”

 

ஜூன் 29, ஞாயிறு

நாச்சிமுத்து வீட்டு போர்ட்டிகோவில் கூட்டம். ஏறக்குறைய எல்லா வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். பெண்கள் படியோரம் நின்றார்கள். சாந்தாவும் வந்திருந்தாள். இசக்கிராஜை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள். டீத்தூள் கறை படிந்த சட்டை. அதையாவது மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

“எங்க அம்மை மேல சத்தியமா நான் தொடல” என்றான்.

“அப்ப யாரு தொட்டாங்க? உங் கடைக்கு எதுத்தாப்பலதான நிக்குது? நீ பாத்திருப்பயே? பேரச் சொல்லீட்டுப் போ!” என்றார் நாச்சிமுத்து.

இசக்கிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். 

“பாத்தீங்களா? திருட்டு முழி. எழுதுங்க செயலாளர்.”

காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். பேனாவைத் திறந்தேன். படியோரத்தில் ஏதோ அசைந்தது. சாந்தா இரண்டு படி இறங்கி முன்னால் வந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிட்டாள். “அது வந்துங்க, நானு...”

“நான்தானுங்க” என்றேன்.

எழுந்து நின்றுவிட்டிருந்தேன் போலிருக்கிறது. எல்லோரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

“நான்தானுங்க தெனமும் தள்ளி வெச்சேன். அந்தப் பையனுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லை.”

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

“நீங்களா?” என்றார் நாச்சிமுத்து. “மனு குடுத்ததே நீங்கதானுங்களே!”

“ஆமாங்க.”

“அப்பறம் எதுக்குங்க?”

தணிக்கையில் நூறு பேரை இப்படி நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. “வீதி ரொம்ப அமைதியாப் போச்சுங்க” என்றேன். 

செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாச்சிமுத்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “போலீசு வேண்டாம். போங்க” என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் இருந்தது. அதுதான் அதிகம் சுட்டது.

பொய்ப் புகாரில் கையெழுத்துப் போடமுடியாது என்பதால்தான் எழுந்து நின்றேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

மத்தியானம் சாந்தா சோறு போட்டாள். ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டாள். “எப்பத்திலிருந்துங்க தெரியும்?” என்றாள்.

“மோர் இருக்குதா?” என்றேன்.

ஜூன் 30, திங்கள்

சாந்தா போகவில்லை. காவலர் தள்ளி வைத்த தடுப்பு எங்கள் வீதி வாயிலேயே நின்றது. ஆபீஸ் நேரத்தில் அவள் கேட்டுக்கும் வரவில்லை. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இனி அந்த வண்டி வராது என்று முடிவு கட்டிவிட்டாள்.

நான் முனைக்குப் போனேன். இசக்கிராஜ் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்லி, கேட்காமலேயே டீ கொடுத்தான்.

“உனக்குத் தெரியுமில்ல, அவதான்னு?” என்றேன்.

“தெனமும் பாத்தேன் அண்ணாச்சி.”

“ஏன் சொல்லல? கடையே போயிருக்கும்.”

“அம்மா எங்கிட்ட ஒரு நா கேட்டாவ, பச்சை வண்டி போயிட்டுதான்னு. அன்னைக்கு வெளங்கிட்டு. பிள்ளையப் பாக்க நிக்கவகளப் போயி எப்படிக் காட்டிக் குடுக்க?” என்றான். கொஞ்ச நேரம் பாலை ஆற்றிவிட்டு, “ஆனா அண்ணாச்சி, அம்மா தள்ளணும்னே அவசியமில்ல” என்றான்.

“என்ன சொல்றே?”

“டூவீலரத்தான் பாலத்துலயே ஓரமா விடுதானுவளே. பலகை போட்டு வச்சிருக்கான். அடைச்ச மொத வாரத்துலயே விட்டுட்டான். பைக்குக்காரன் எவனும் சுத்திப் போகதில்ல. அந்தப் பச்சை வண்டி மட்டுந்தான் இந்த வீதிக்குள்ள வருது. தடுப்பு உங்க பக்கம் நின்ன மொத திங்கக்கெழமையே, சந்துல புகுந்து வந்துச்சு. அம்மா அன்னைக்கு வாசல்ல இல்ல. ஸ்லோ பண்ணிப் பாத்துட்டுப் போயிட்டு.”

“இன்னிக்கு?”

“இப்பத்தான். நீங்க வரதுக்குக் கொஞ்சம் முந்தி.”

டீ ஆறிவிட்டது. நம்பவில்லை. பாலம்வரை நடந்துபோய்ப் பார்த்தேன். பலகை இருந்தது. ஸ்கூட்டரும் பைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஏறி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஜூலை 2, புதன்

மூன்றாவது வீதியில் தண்ணீர்க் குழாய் உடைந்து ரோடு இறங்கிவிட்டது. காவலரே தடுப்பைத் தள்ளி எங்கள் வீதியைத் திறந்துவிட்டார். இந்த முறை யார்மேலும் சந்தேகப்பட இடமில்லை.

ஆபீஸ் நேரத்தில் ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றேன். சாந்தா உள்ளே மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். வேன், பஸ், மீன்பாடி வண்டி, அப்புறம் அந்த ஸ்கூட்டி. என்னைப் பார்த்ததும் வேகமெடுக்கப் பார்த்தாள். நான் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிட்டேன். வண்டி நின்றது.

“பாலத்து ஓரமா டூவீலர உடறாங்களாமா?” என்றேன். நாலு வருடம் கழித்து நான் பேசிய முதல் பேச்சு இது.

“ஆமாங்கப்பா.”

“தெரியுமா உனக்கு?”

“மொத வாரத்துல இருந்தே தெரியுமுங்க.”

“அப்பறம் எதுக்கு இந்தப் பக்கம் சுத்தீட்டு வர்றே?”

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். என் கையைப் பார்த்தாள்.

“நீங்க எதுக்குங்கப்பா சிமெண்டுத் தரைக்குத் தண்ணி ஊத்தீட்டு நிக்கறீங்க?”

குனிந்து பார்த்தேன். என் செருப்பு, வேட்டி எல்லாம் நனைந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன் நின்றுவிட்டது. அதன் பின்னால் பஸ். அதன் பின்னால் என்னென்னவோ. ஹாரன் காதைப் பிளந்தது. வேன்காரன் தலையை நீட்டி, “பெருசு, வழிய உடுங்க!” என்றான். நாச்சிமுத்து மாவுக்கட்டோடு கேட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரோட்டு நடுவே போய்க் கையைத் தூக்கிக் காட்டினேன். “சித்த பொறுங்கப்பா! பொறுத்தாக் கொறஞ்சா போவீங்க?”

மிக்ஸி நின்றிருந்தது. சாந்தா கையெல்லாம் சட்னியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். முன்னால் வரப் பயந்துபோய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டின் இரண்டு கதவையும் திறந்தேன்.

“வண்டிய உள்ள ஏத்து கோகிலா. ரோட்டுல நிறுத்தினா எல்லாருக்கும் எடஞ்சல்.”

அவள் வண்டியை உள்ளே ஏற்றினாள். பின்னால் பஸ் நகர்ந்தது. நான் கேட்டைச் சாத்தவில்லை. வண்டிகள் எல்லாம் போய் முடிகிறவரை வெளியேதான் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் அழுகிற சத்தம் ஹாரன் சத்தத்தில் அவ்வளவாகக் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். தடுப்பைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீதி காலியாகிவிட்டது.

கோகிலா அன்றைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தாள், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். போகும்போது, “ஞாயித்துக்கெழமை வர்றோங்கப்பா” என்றாள். வர்றேன் என்று சொல்லவில்லை. வர்றோம் என்றாள். மூன்று நாளாக அந்த ஒரு எழுத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். யோசித்துச் சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று தெரியவில்லை. வாய் தவறி வந்திருக்காது. என் மகள்.

எனக்கு இன்னும் மனது முழுதாக ஒப்பவில்லை. அதை மறைத்து எழுதப்போவதில்லை. அந்தப் பையன் இந்த வாசற்படி ஏறும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

சாயந்திரம் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பினேன். காலையில் போனால் கூட்டமாக இருக்கும், இன்றைக்கே சொல்லிவைத்துவிடலாம் என்று. செருப்பு மாட்டிக்கொண்டே சாந்தாவிடம் கேட்டேன்.

“அந்தப் பையன் ஆட்டுக்கறி திம்பானா?”

“கோழிதானுங்க புடிக்கும். காரம் கம்மியா வெக்கோணும்” என்றாள், அரிசி களைந்தபடியே.

சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கோழி வாங்கிவரப் போனேன்.